தடியதிகாரம்: மும்பைக் காண்டம், உரையுடன்

பாயிரம்

பகைவன் மாட்டைக் கவர்ந்து வருவதற்குத் தமிழில் ஒரு திணை உண்டு. கவர்ந்த மாட்டை மீட்டு வருவதற்கு இன்னொன்று. கோட்டையை வளைப்பவன் என்ன பூச்சூடவேண்டும், உள்ளிருந்து காப்பவன் என்ன பூச்சூடவேண்டும் என்பதுவரை முன்னோர் வகுத்துவைத்துவிட்டார்கள். ஆனால் கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவனை, அந்தச் சாலையைக் காக்கச் சம்பளம் வாங்குபவர் முழங்காலில் தொடங்கி மண்டையில் முடிக்கும் நிகழ்ச்சிக்கு நம்மிடம் இலக்கணம் கிடையாது. யானையின் பல்வேறு பருவங்களுக்குப் பெயர் வைத்த மொழியில் இப்படி ஒரு ஓட்டை இருக்கலாகாது. அதை அடைப்பதே இந்நூலின் நோக்கம்.

பாயிரத்தில் எல்லை சொல்லவேண்டும். வடக்கே காட்கோபர் நெடுஞ்சாலை, தெற்கே ஆசாத் மைதானத்தின் இரும்புத் தடுப்பு, மேற்கே மாஹிம் கழிமுகம், கிழக்கே செம்பூரைக் கடந்து போகும் ஹார்பர் ரயில் பாதை. தாராவியும் மாட்டுங்காவும் இதற்குள் அடக்கம். தாமிரபரணியும் தூத்துக்குடியும் எல்லைக்கு வெளியே கிடந்தாலும் நூலுக்குள் வரும். ஏன் வருகின்றன என்பது உரிய இடத்தில் விளங்கும். கேட்போர் யாரெனின், தொண்ணூறடிச் சாலை டீக்கடையில் பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்போரும், விருப்பமிருந்தால் பந்தோபஸ்துக்குப் போகும் ஹவல்தார்களும். பயன் யாதெனின், அடி வாங்குவோர் இனி வெறுமனே "ஐயோ" என்று கத்தாமல், வாங்கிய அடியின் வகையைப் பெயர் சொல்லிக் கத்தலாம்.

கூட்டவியல்

ஐவர் கூடின் கூட்டம் ஆகும்;
அறுவர் ஆயின் ஐயமும் இன்றே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கூட்டத்திற்கு எண் கூறுதல் நுதலிற்று. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோத நோக்கோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 189. நோக்கம் தவறாக இருக்கவேண்டும் என்பது அங்கே நிபந்தனை. இந்த நிபந்தனை அன்றாடப் பயன்பாட்டுக்குத் தொந்தரவாக இருந்தமையால், 1951-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டத்தின் 37-ஆம் பிரிவு துணைக்கு வந்தது. இதன்படி கமிஷனர் ஒரு தடையுத்தரவு போட்டால் ஐந்து பேர் சேர்வதே குற்றம். நோக்கத்தை ஆராயவேண்டிய சிரமம் இல்லை. உத்தரவுக்குக் குறுகிய ஆயுள்தான். ஆனால் மும்பையில் அது செத்துச் செத்துப் பிழைக்கும்.

இந்த உத்தரவுகளின் விதிவிலக்குகளை ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். கல்யாணம், சவ ஊர்வலம், கம்பெனிக் கூட்டம், கிளப், சினிமா தியேட்டர், கோர்ட்டு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை ஆகியவற்றுக்குத் தடை இல்லை. அதாவது பிறக்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம், மணம் முடிக்கலாம், படம் பார்க்கலாம், சாகலாம். இவற்றில் ஏதேனும் சரியாக நடக்கவில்லை என்று ஐந்து பேராகப் போய்ச் சொல்வதுதான் கூடாது. தாராவியில் நூறு சதுர அடி அறைக்குள் ஐவருக்கு மேல் குடியிருப்பது சகஜம். அந்தக் குடும்பம் தண்ணீர் வரவில்லை என்று பேசியபடி வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, போலீசார் அவ்வளவு கடுமையானவர்கள் அல்லர் என்பதே விடை. அந்தக் கருணையை நம்பித்தான் நகரம் இயங்குகிறது. உரிமை அவர்கள் கருணையாக மாறிய இடம் இது. உரையாசிரியன் இங்கே ஒரு பெருமூச்சோடு மேலே செல்கிறான்.

படையியல்

தடியெனப் படுவது நால்வகைத்து என்ப
மரமும் நீரும் புகையும் ஈயமும்.

மரம் என்றது மூங்கிலை. இப்போது பாலிகார்பனேட்டும் வந்துவிட்டது. மரபு கருதி அதையும் மரம் என்றே கொள்க. இடுப்புக்குக் கீழே அடிக்கவேண்டும் என்பது பயிற்சி மைதானத்தில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். செய்தித்தாள்களில் இது எப்போதும் "லேசான தடியடி"யாகவே வரும். கனமான தடியடி என்றொரு வகையைத் தமிழ் நிருபர் எவரும் இதுவரை பதிவு செய்ததாகத் தெரியவில்லை. எனவே அதை இந்நூலும் சேர்க்கவில்லை.

நீரும் புகையும் சேர்த்துச் சொல்லத் தக்கவை. தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்கு வருண் என்று பெயர். கண்ணீர்ப்புகைக் குண்டு வீசும் வண்டிக்கு வஜ்ரா. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இதில் புல்லரிக்கவேண்டும். வருணன் நெய்தல் நிலத்துத் தெய்வம். வஜ்ரம் ஏந்தியவன் வேந்தன், மருத நிலத்துக்கு உரியவன். கோலி மீனவர்களின் நெய்தல் நிலமாக இருந்து, தூர்த்துத் தூர்த்து நகரமான மும்பையில் வருணனே தலைமை தாங்குவது பொருத்தம். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் பாலைக்கும் இன்னும் வண்டி வரவில்லை. உள்துறை அமைச்சகம் கவனிக்க.

புகைக்குண்டுகள் குவாலியருக்குப் பக்கத்தில் டேகன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் தொழிற்கூடத்தில் உருவாகின்றன. 1993-இல் கையெழுத்தான இரசாயன ஆயுத உடன்படிக்கை இந்தப் புகையைப் போர்க்களத்தில் பயன்படுத்தக்கூடாது என்கிறது. உள்நாட்டில் கூட்டம் கலைக்கப் பயன்படுத்தலாம் என்கிறது. எல்லைக்கு அப்பால் துப்பாக்கியோடு நிற்பவன் மூச்சுக்கு இருக்கும் மரியாதை, மாட்டுங்காவில் அட்டையோடு நிற்பவன் மூச்சுக்கு இல்லை என்று அவசரப்பட்டு முடிவு செய்யவேண்டாம். ஒரு புகை இன்னொரு கொடிய புகைக்கு வழிவிட்டுவிடுமோ என்ற அச்சமே போர்க்களத் தடைக்குக் காரணம் என்பார்கள். காரணம் சரிதான். ஆனாலும் எரிவது கண் அல்லவா?

ஈயம் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை. அதற்குத் தனி இடம் உண்டு. கலைந்து போகச் சொல்லவேண்டும், போகாவிட்டால்தான் பலம், அதுவும் தேவையான அளவே என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஐ ஒட்டிய விதிகளின் சாரம். ராணுவத்தைக் கூப்பிட்டாலும் ஆளுக்கும் சொத்துக்கும் ஆகக் குறைந்த சேதமே ஆகவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏட்டில் இந்த விதிகள் அழகானவை.

திணையியல்

முகவரி அறிந்து மொழிதல் தடிக்கு இயல்பே.

இந்நூலின் நடுத்தூண் இந்தச் சூத்திரம். மற்றவை இதற்குத் தாங்கு கட்டைகள். கூட்டம் அமைதியாக இருந்தால் தடி இறங்காது, வன்முறை செய்தால் இறங்கும் என்பது முற்காலத்தார் கொள்கை. அது எடுத்துக்காட்டுகளோடு ஒத்துவரவில்லை. யார் நின்றார்கள், எங்கே நின்றார்கள், எந்த மணிக்கு நின்றார்கள், யாருக்கு இடைஞ்சல் என்பவையே அளவைத் தீர்மானிக்கின்றன. 2018 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

அந்த ஆண்டு ஜனவரி 2 அன்று, பீமா கோரேகாவ் கலவரத்துக்கு மறுநாள், செம்பூரிலும் கோவண்டியிலும் தலித் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். ஹார்பர் லைன் நின்றது. பஸ் கண்ணாடிகள் உடைந்தன, கைதுகள் நடந்தன. இது அமைதி என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து விவசாயிகள் கிளம்பினார்கள். அகில இந்திய கிசான் சபையின் சிவப்புத் தொப்பி, வெடித்த பாதம், ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 11-ஆம் தேதி ஞாயிறு அன்று சயானை ஒட்டிய சோமையா மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் கிளம்பி ஆசாத் மைதானம் போவதாகத்தான் திட்டம். மறுநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று தெரிந்ததும், ஆற வைத்த காலைத் திரும்பவும் எடுத்து வைத்து நள்ளிரவுக்கு மேல் நடக்கத் தொடங்கினார்கள். சயான், மாட்டுங்கா, தாதர் வழியாகத் தூங்கும் நகரத்தின் ஊடே நடந்து, விடிவதற்குள் மைதானத்துக்குள் போய்விட்டார்கள். ஒரு தடியும் உயரவில்லை. மும்பைக்காரர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் செருப்பும் கொடுத்தார்கள். அரசு அன்றே பேசி முக்கியக் கோரிக்கைகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தது.

எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஆனால் எதற்காக மெச்சினோம் என்பதை உரைகாரன் சொல்லியாகவேண்டும். அவர்கள் நம்மை எழுப்பவில்லை என்பதற்காக மெச்சினோம். ரணமான காலோடு ராத்திரியில் நடந்த சிரமம் முழுவதும் அவர்களுடையது. அதைப் பாராட்டிய பெருந்தன்மை முழுவதும் நம்முடையது.

எட்டு நாள் கழித்து, மார்ச் 20 காலை ஏழு மணிக்கு, அதே மாட்டுங்காவில் வேறொரு கூட்டம். ரயில்வேயில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்த இளைஞர்கள். எங்களைப் போன்றோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு என்று வரம்பு கட்டாதே, வேலை கொடு என்பது கோரிக்கை. மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். உச்ச நேரத்தில் சென்ட்ரல் லைன் மூச்சு முட்டியது. தடியடி நடந்தது, கல்லும் பறந்தது. எது முந்தியது என்று இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பத்தரை மணி வாக்கில் ரயில்வே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது, பாதை திறந்தது. ராத்திரியில் நடந்தவர்களுக்குச் செருப்பு கிடைத்தது, காலையில் உட்கார்ந்தவர்களுக்குத் தடி கிடைத்தது. இருவருக்கும் பதிலும் கிடைத்தது என்பதைக் கவனிக்க. தண்டவாளத்துக்கு மூன்றரை மணி நேரத்தில் பதில். நெடுநடைக்கு ஆறு நாளில். இதில் யார் என்ன பாடம் கற்பார்கள் என்பது அரசு கவலைப்படவேண்டிய விஷயம்.

இன்னொரு கூட்டம் அந்தப் பிப்ரவரியிலிருந்தே உட்கார்ந்திருந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் குமரெட்டியாபுரத்தில், மரத்தடியில், ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி. ரயிலை நிறுத்தவில்லை, பரீட்சையைக் கெடுக்கவில்லை. நாட்கள் தொண்ணூற்றொன்பது போயின. நூறாம் நாளான மே 22 அன்று, 144 தடையைத் தாண்டிக் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். போலீஸ் நடவடிக்கையில் 13 பேர் செத்தார்கள். துப்பாக்கிக் குண்டில் இறந்த 12 பேருக்கும் தலையிலோ மார்பிலோ குண்டு என்றும், அவர்களில் பாதிப்பேருக்கு அது பின்புறமிருந்து பாய்ந்தது என்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் எழுதியது. ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் பின்னர் சொன்னது. ஆறு நாள் கழித்து, மே 28 அன்று, ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. அந்தத் தொண்ணூற்றொன்பது நாளில் எந்த நாளிலும் போட்டிருக்கக்கூடிய கையெழுத்துத்தான்.

இங்கே ஒரு பழைய துறையை நினைவூட்டவேண்டும். புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்று ஒன்றைக் கூறுகிறது. தோற்றுப் புறங்கொடுத்து ஓடுபவர்மேல் வாளை ஓங்காத பெருந்தன்மைக்கு அந்தப் பெயர். இத்தனைக்கும் அது மாடு திருடிய, கோட்டை இடித்த, ஊரை எரித்த படைகளுக்கான இலக்கணம். கூட்டத்தைக் கலைப்பதற்காகத்தான் பலம் என்றால், ஓடுகிறவன் ஏற்கெனவே கலைந்துவிட்டவன். அவன் முதுகில் இறங்கும் ஒவ்வொரு அடியும் சட்டத்தின் கணக்கில் உபரி. நம் ஊர்ப் படையணிகளில் தழிஞ்சி எந்த நூற்றாண்டில் கைவிடப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கட்டும்.

தலைமையகவியல்

எல்லைக்கு வெளியே கிடப்பவற்றை ஏன் உள்ளே இழுத்தாய் என்று கேட்பவர்களுக்கு இங்கே விடை.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஒரு ஊர்வலம் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனது. கூலி உயர்வும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களின் விடுதலையும் கோரிக்கை. புதிய தமிழகமும் வேறு கட்சிகளும் சேர்ந்து நடத்திய ஊர்வலம். வழியில் மறித்து அடித்தார்கள். ஒருபுறம் போலீஸ், மறுபுறம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்களையும் விரட்டினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் போலீஸ் நடவடிக்கையில் பெரிதாகக் குற்றம் காணவில்லை. ஆர். ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்துக்கு 'நதியின் மரணம்' என்று பெயர்.

அந்தத் தோட்டத்தைச் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். அதன் பதிவு அலுவலகம் மும்பை கோட்டைப் பகுதியின் வாலஸ் தெருவில். ஸ்டெர்லைட்டின் தாய்க் கம்பெனியான வேதாந்தாவின் பதிவு அலுவலகம் மும்பை அந்தேரியில். தாராவியின் தமிழர்களில் மிகப் பெரும் பகுதியினர் தலைமுறைகளுக்கு முன் தோல் பதனிடவும் மூட்டை சுமக்கவும் கிளம்பி வந்தது திருநெல்வேலிச் சீமையிலிருந்து. தூத்துக்குடியும் அப்போது அதற்குள்தான் இருந்தது.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இப்படித் தெரிகிறது. லாபத்துக்குக் கணக்கு எழுதும் மேசை மும்பையில் இருக்கிறது. கூலி கேட்டவனும் காற்றுக் கேட்டவனும் அடிபடும் இடம் அவனவன் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அடிபட்டவனின் சித்தப்பனும் மாமனும் அந்த மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இட்லி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாலஸ் தெருவிலிருந்து ஆசாத் மைதானத்துக்கு நடந்தே போகலாம். கம்பெனிகள் யாரையும் அடிக்கச் சொன்னதாக நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே வருவதில்லை என்பதுதான் அமைப்பின் அழகு. கலெக்டர் அலுவலகத்துக்கு மனு, கலெக்டர் அலுவலக வாசலில் அடி. தலைமையகத்தின் கண்ணாடிக் கதவுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

2023 டிசம்பர் 16 அன்று தாராவிக்காரர்கள் இந்த விதியைச் சற்று மாற்றிப் பார்த்தார்கள். அதானியின் மறுகட்டுமானத் திட்டத்தை எதிர்த்து, உத்தவ் தாக்கரே முன்னால் நடக்க, தாராவி டி-ஜங்ஷனிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகத்தின் அதானி அலுவலகத்தை நோக்கி மோர்ச்சா போனார்கள். தடி இறங்கவில்லை. முன்னாள் முதலமைச்சர் முன்னால் நடந்தால் முகவரி மாறிவிடுகிறது என்பது இந்த இயலின் துணை விதி.

ஈயவியல்

காட்கோபர் கிழக்கில் நெடுஞ்சாலையை ஒட்டி மாதா ராமாபாய் அம்பேத்கர் நகர் இருக்கிறது. செம்பூரிலிருந்து பஸ்ஸில் வடக்கே போனால் வழியில் வரும். 1997 ஜூலை 11, வெள்ளிக்கிழமை விடிகாலையில் அங்கிருந்த அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். பல் விளக்க எழுந்தவர்கள் பார்த்தார்கள். கூடினார்கள், கத்தினார்கள், நெடுஞ்சாலையை மறித்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் படையின் ஒரு பிரிவு வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மனோகர் கதம் தலைமை. வந்த சிறிது நேரத்தில் சுட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், 26 பேர் காயப்பட்டார்கள். சாலையை மறித்தவர்கள் மட்டுமல்ல, குடியிருப்பின் சந்துக்குள் நின்றவர்களும் செத்தார்கள்.

போலீஸ் சொன்ன காரணம் கேஸ் டேங்கர். நெடுஞ்சாலையில் நின்ற எரிவாயு டேங்கரைக் கூட்டம் கொளுத்தப் பார்த்தது, கொளுத்தியிருந்தால் பேட்டையே போயிருக்கும், அதைத் தடுக்கவே சுட்டோம். படையியலில் மரம், நீர், புகை என்று படிப்படியாக எழுதிவைத்தோமே, அந்தப் படிகளை ஒரே தாவில் தாண்டிக் கடைசிப் படிக்குப் போக உதவும் பொருளுக்கு இந்நூல் 'டேங்கர்' என்று கலைச்சொல் இடுகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு டேங்கர் இருக்கும். தாமிரபரணிக் கரையில் அது கல்வீச்சு. தூத்துக்குடியில் அது தீவைப்பும் ஊடுருவிய சமூக விரோதிகளும். உண்மையிலேயே கல் பறந்த இடங்களும் தீ எரிந்த இடங்களும் உண்டு. டேங்கருக்கு அது தேவை. கொஞ்சம் உண்மை கலக்காத டேங்கர் நெடுநாள் ஓடாது.

ராமாபாய் நகர் டேங்கர் ஓடவில்லை. நீதிபதி குண்டேவார் ஆணையம் அந்தக் கதையை ஏற்காமல் கதமைக் குற்றவாளி என்று காட்டியது. ஆனந்த் பட்வர்தன் பிறகு 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தில் அந்தக் காலையைப் பிரேம் பிரேமாகப் பிரித்து வைத்தார். படம் தொடங்குவது ஒரு பாடகனிடமிருந்து. விலாஸ் கோக்ரே, தலித் பாடகர், சுடப்பட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்து, நான்காம் நாள், ஜூலை 15 அன்று தூக்குப் போட்டுக்கொண்டார். அவரைச் சாவு எண்ணிக்கையில் எந்த அறிக்கையும் சேர்ப்பதில்லை. இலக்கண நூல் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வேலியியல்

போராட்டத்தின் எல்லை எது என்ற கேள்வி கோர்ட்டுகளில் வெகு காலமாக நடக்கிறது. தெருவில் கூட்டம் போடுவதைப் போலீஸ் ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்கக்கூடாது என்று 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஒதுக்கிய இடத்தில்தான் எதிர்ப்பைக் காட்டவேண்டும் என்று 2020 அக்டோபர் 7-இல், ஷாஹீன் பாக் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. மும்பை இதற்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் மோர்ச்சாக்கள் காலா கோடா வரை போகும். தலைமைச் செயலகமான மந்த்ராலயத்தில் இருப்பவர்களின் காதில் விழாவிட்டாலும் ஜன்னலில் படும். நரிமன் பாயிண்ட், சர்ச்கேட் பகுதிவாசிகள் போட்ட வழக்கு 1997-இல் ஹைகோர்ட்டில் நடந்ததிலிருந்து எல்லாம் ஆசாத் மைதானம்தான். அதே ஆண்டில்தான் ராமாபாய் நகர். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவே.

ஆசாத் மைதானத்தில் 22 கிரிக்கெட் ஆடுகளங்கள் உண்டு. 1988-இல் பள்ளிப் பையன்களாக டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ரன் சேர்த்தது இங்கேதான். மாநகராட்சித் தலைமையகத்தை ஒட்டிய மூலையில் தடுப்பு வைத்துப் பிரித்த துண்டுதான் போராட்டக்காரர்களுக்கு. நுழைவாயிலில் ஒரு மேசை, அங்கே பெயர் எழுதிக்கொள்வார்கள். உள்ளே தார்ப்பாய்களுக்குக் கீழே அங்கன்வாடி ஊழியர்கள், சம்பளம் வராத ஆசிரியர்கள், மில் நிலம் கேட்கும் கிழவர்கள், தனித்தனித் திட்டுகளாக. ஒருவர் மைக் பிடித்தால் பக்கத்துத் திட்டு கொஞ்ச நேரம் அடங்கி வழிவிடும். வேலிக்கு அப்பால் வெள்ளைச் சட்டைப் பையன் சிக்ஸர் அடிக்கிறான்; பந்து உள்ளே வந்து விழுகிறது. உண்ணாவிரதம் இருப்பவர் எழுந்து போய் எடுத்து எறிகிறார். கைதட்டல் அவருக்கு இல்லை, ஆனாலும் அன்றைக்கு அவர் பக்கம் யாராவது திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

இதே திடல் 1930 ஜூன் 21 அன்று எப்படி இருந்தது என்று அமெரிக்க நிருபர் நெக்லி பார்சன் எழுதியிருக்கிறார். அப்போது எஸ்பிளனேட் மைதானம். காங்கிரஸ் தொண்டர்கள் கூடக்கூடாது என்பது உத்தரவு, கூடினார்கள், தடி இறங்கியது, ரத்தம் வழிய நின்ற சீக்கியர்கள் கையை ஓங்கவில்லை. அதற்குச் சில வாரம் முன்னால், ஜூன் 1 அன்று, மாட்டுங்காவுக்குப் பக்கத்து வடாலா உப்பளத்தில் பதினையாயிரம் பேர் உப்பெடுக்கப் புகுந்திருந்தார்கள். எந்தத் திடலில் கூடினால் அன்று மண்டை உடைந்ததோ, அந்தத் திடலைத் தவிர வேறெங்கு கூடினாலும் இன்று வழக்கு. நாடு முன்னேறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நுட்பமான சான்றை நான் காணவில்லை.

இப்போது 2025-ஆம் ஆண்டின் புதிய விதிகள் வேறு. ஐயாயிரம் பேர், காலை 9 முதல் மாலை 6 வரை. கோபத்துக்கும் ஆபீஸ் நேரம். அந்த ஆகஸ்ட் 29 அன்று மனோஜ் ஜராங்கே மராத்தா இடஒதுக்கீட்டுக்காக வந்தபோது அவருக்கும் இந்த நிபந்தனைகள்தான். வந்தவர்கள் பல ஆயிரம். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலேயே சமைத்தார்கள், குளித்தார்கள், கபடி ஆடினார்கள். ஹைகோர்ட் கண்டித்துத் தெருக்களைக் காலி செய்யச் சொன்னது. செப்டம்பர் 2 அன்று அரசாணை வந்தது. ஜராங்கே ஜூஸ் குடித்து உண்ணாவிரதத்தை முடித்தார். வருண் வண்டி மூக்கைக்கூட நுழைக்கவில்லை. நல்லதுதான், எவரையும் அடிக்கவேண்டாம் என்பதே என் கட்சி. ஐயாயிரத்தைத் தாண்டுவது எத்தனை தாண்டினால் குற்றமாக இருப்பதை நிறுத்துகிறது என்ற கணக்கு மட்டும் விளங்கவில்லை.

கடாவும் விடையும்

ஒருவர் எழுந்து கேட்கிறார்: "ஏன் ஐயா, சயானிலிருந்து டயாலிசிஸுக்குப் பரேல் போகும் பெரியவர் மாட்டுங்காவில் மாட்டிக்கொண்டால் அவர் உரிமை என்ன ஆவது?" கேட்பது நியாயம். இந்த ஊரில் லோக்கல் ரயில் நின்றால் நாள்கூலிக்காரன் கூலி நிற்கும். போராடுகிறவனைவிட ஏழையானவன் தண்டனை அனுபவிப்பான். எனவே தண்டவாளத்தில் உட்காருவதைச் சட்டம் குற்றம் என்று வைத்திருப்பதில் தவறில்லை. ரயில்வே சட்டத்தின் 174-ஆம் பிரிவு அதற்கு இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ சொல்கிறது. தூக்கிக்கொண்டு போய் வழக்குப் போடட்டும். அந்தப் பிரிவில் எலும்பு முறிவு என்று ஒரு தண்டனை இல்லை. தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கிறார். லத்திக்கு அந்த வேலை ஒப்படைக்கப்படவில்லை.

"கான்ஸ்டபிளைத் திட்டுவது சுலபம்" என்கிறார் இன்னொருவர். இதையும் ஒப்புக்கொள்கிறேன். 1982 ஆகஸ்டில் பம்பாய்க் கான்ஸ்டபிள்களே தங்கள் சங்கத்துக்காக எழுந்தவர்கள். சுதந்திர தினத்தில் கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள். 18-ஆம் தேதி விடியற்காலை சங்கத் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் நகரம் கலவரமானது, ராணுவம் வந்தது. தடி பிடித்த கைக்கும் தடி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே இருப்பவர்களுக்கும் வேறொரு பாடம் உண்டு. 2012 ஆகஸ்ட் 11 அன்று ஆசாத் மைதானத்தில் ஒரு கூட்டம் வன்முறையில் இறங்கியது. பெண் காவலர்கள் தாக்கப்பட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். கமிஷனர் அரூப் பட்நாயக் தன் ஆட்களை அடக்கி, தானே இறங்கிக் கூட்டத்தைத் தணித்தார். மேலும் சுட்டிருந்தால் நகரம் எரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. பன்னிரண்டு நாளில் அவருக்கு மாற்றல் வந்தது. அடித்ததற்காக இத்தனை வேகத்தில் ஒரு கமிஷனர் நாற்காலியை இழந்ததை இந்த எல்லைக்குள் நான் பார்த்ததில்லை. அடுத்த கமிஷனர் எதைக் கற்றுக்கொள்வார்?

ஆணையவியல்

அடித்தபின் அமைவது ஆணையம், அதன்பின்
அமைவது அமைதி என்மனார் புலவர்.

இதன் உரை வெளிப்படை. எனினும் எடுத்துக்காட்டு வருமாறு. அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பதினேழு போலீசார் மீது நடவடிக்கை என்றது. அக்டோபரில் சட்டசபையில் வைத்தார்கள். குண்டேவார் ஆணையத்துக்குப் பிறகு கதம் மீது வழக்கு ஊர்ந்து, 2009 மே மாதம் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. சுட்டதிலிருந்து தீர்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகப்போகிற நேரம். சில நாட்களிலேயே ஹைகோர்ட்டில் ஜாமீன்.

புறனடை

விதிகளுக்குள் அடங்காத ஒன்றைக் கடைசியில் சொல்லி முடிப்பது இலக்கண நூலுக்கு மரபு. 2023 செப்டம்பர் 1 அன்று ஜால்னா மாவட்டத்து அந்தர்வாலி சராட்டியில், அப்போது வெளியூரில் அதிகம் அறியப்படாத ஜராங்கேயின் உண்ணாவிரதப் பந்தலில் தடியடி நடந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். 4-ஆம் தேதி உள்துறையைக் கையில் வைத்திருந்த தேவேந்திர பட்னவிஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மாநிலம் ஒன்று, துறை ஒன்று, லத்தியும் ஒரே அளவு. அங்கே மூன்று நாள், ராமாபாய் நகரில் பன்னிரண்டு ஆண்டு. இந்த வேறுபாட்டுக்குச் சூத்திரம் வேண்டுவோர் வாக்காளர் பட்டியலில் தொகுதிவாரியாகத் தேடிக்கொள்க.